தேவலை

ஜனவரி 9

அன்புள்ள வாத்துக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் நீயே முந்திக்கொண்டு ஒப்பாரி வைத்திருப்பாய்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று யோசிக்காதே. போனில் பேசினால் நாம் சண்டை போட்டுக்கொள்வோம், அது பழைய கதை. இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. போனைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்தால் வலது கை மரத்துப் போகிறது. பேனா என்றால் நடுநடுவே கீழே வைத்துவிட்டு உதறிக்கொள்ளலாம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்கிறது. தூக்கத்தில் வலி வந்து எழுப்பிவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் உன் மாமா பாதித் தூக்கத்தில், "யாருக்குடீ டாட்டா காட்டறே?" என்கிறார். பகலெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு வருகிற மனுஷனை நானும் தூங்கவிடுவதில்லை.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் பேக்கரியில் மூன்றடுக்குக் கல்யாணக் கேக். பெண்ணின் பெயரை நன்றாகவே எழுதி முடித்தேன். மாப்பிள்ளையின் பெயரில் பாதியில் இருந்தபோது க்ரீம் பை கையிலிருந்து நழுவிக் கேக்கின் மேலேயே விழுந்தது. மாப்பிள்ளைக்குப் பாதிப் பெயர்தான், மீதி இடத்தில் ஒரு குன்று. முதலாளி திட்டவில்லை, சிரித்தார். அவர் சிரித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அவருடைய மைத்துனி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சும்மா பாக்கறேன்க்கா" என்றாள்.

டாக்டரிடம் போனேன். "மணிக்கட்டு வழியா வர்ற நரம்பு அமுங்குது. சின்ன ஆபரேஷன்தான், சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். அந்த வார்த்தைகளை நாம் எங்கே கேட்டோம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் பித்தப்பைக் கல்லுக்கும் இதையேதான் சொன்னார்கள். சாயங்காலம் நாம் இரண்டு பேர்தான் வீட்டுக்குப் போனோம்.

நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் ஊரார் கையையும் காலையும் மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறாய். கத்தி இல்லாமல் வழி இருந்தால் எழுது. எனக்கு இந்தக் கை வேண்டும். கேக்கில் பெயர் எழுதுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்?

இப்படிக்கு,
அக்கா

*

ஜனவரி 17

என் அருமை அக்காவுக்கு,

உறையின் மேலும் "வாத்து" என்றே எழுதியிருக்கிறாய். தபால்காரர் என் நடையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்துவிட்டுப் போனார். நன்றாக இருப்பாய்.

வழி இருக்கிறது. பயப்படாதே. மணிக்கட்டில் உள்ளங்கைப் பக்கமாக ஒரு குறுகலான சந்து இருக்கிறது. விரல்களை மடக்குகிற தசைநார்கள் எல்லாம் அதற்குள்தான் போகின்றன. கூடவே ஒரு நரம்பும் போகிறது. ஆபீஸ் நேரத்து பஸ் மாதிரி நெரிசல். தசைநார்கள் வீங்கினால் மிதிபடுவது நரம்புதான். உன்னைப் போலக் கையை மடக்கிப் பையைப் பிழிந்துகொண்டே இருப்பவர்களுக்கு வருவது. எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் கத்தியே படாமல் சரியாகிப் போயிருக்கிறார்கள்.

இதோடு ஒரு பட்டை அனுப்பியிருக்கிறேன். உள்ளே தகடு இருக்கும், மணிக்கட்டை நேராக நிறுத்தும். தூங்கும்போது நமக்குத் தெரியாமலே கையை மடக்கிக்கொள்கிறோம், அதனால்தான் ராத்திரி வலி. ஆகவே ராத்திரியில் கட்டு. பகலில் நாலு பேர் பார்க்கக் கட்டிக்கொண்டு போய்விட்டு, ராத்திரி கழற்றி ஆணியில் மாட்டிவிடாதே. நீ செய்யக்கூடியவள். விரல்களை நீட்டு, கொக்கி போல வளை, பிறகு முஷ்டியாக மூடு. காலையும் மாலையும் மெதுவாகச் செய். பேக்கரியில் க்ரீமைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடனே பிழியாதே, இளகட்டும். பை சின்னதாக இருக்கட்டும். கொஞ்சம் எழுதினால் கொஞ்சம் நிறுத்து.

ஒரே ஒரு நிபந்தனை. எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால் "தேவலை" என்று எழுதக் கூடாது. நம் வீட்டில் அந்த வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது. அப்பா காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதும் தேவலை என்பார். அம்மா ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "எனக்குத் தேவலைடி, நீங்க போய் சாப்பிட்டு வாங்க" என்றாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் நீயும் அதையே சொன்னாய். வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்புவதற்கென்றே நாம் வைத்திருக்கிற வார்த்தை அது. நான் வெளியாள் இல்லை. வலி எப்படி இருக்கிறது என்று எனக்கு உள்ளபடி எழுது.

உன்,
வாத்து

*

மார்ச் 2

அன்புள்ள வாத்துக்கு,

பட்டை வந்து சேர்ந்தது. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த ஊர்ல குத்துச்சண்டை?" என்று கேட்டார். ஆனால் தினமும் அவர்தான் கட்டிவிடுகிறார். "பெல்ட் போட்டாச்சு, வண்டியை எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார். முதல் வாரம் பட்டையால் அவர் மூக்கிலேயே ஒன்று வைத்தேன். இப்போது இரண்டு பேருக்கும் பழகிவிட்டது.

வாத்து, விடியும் வரை தூங்குகிறேன்! கண்ணைத் திறந்தால் வெளிச்சமாக இருக்கிறது. வலி பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது. தேவலை என்று எழுதவில்லை, பார்த்தாயா? நீ இல்லாவிட்டால் இந்நேரம் என்னை அறுத்துப் போட்டிருப்பார்கள்.

க்ரீம் இளகினால் எனக்குச் சுகம், ரோஜாவுக்குத்தான் கஷ்டம். தலை சாய்ந்துவிடுகிறது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, பூவுக்கெல்லாம் உடம்பு சரியில்லையா?" என்றார். அவர் மைத்துனி ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டிருக்கிறாள். இப்போது அவளுக்கென்று ஒரு தட்டு, ஒரு பை. தட்டில் எழுதுகிறாள், வழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். எழுத்து உருண்டையாக, நன்றாகவே வருகிறது. பொய் சொல்லுவானேன்?

கல்யாண சீசன் வருகிறது. சுழி சுழியாகப் பெயர் வைத்துக்கொண்டவர்கள் எல்லாம் இந்த வருஷம்தான் கல்யாணம் செய்துகொள்கிறார்கள்.

பிள்ளைக்கு என் முத்தம்.

அக்கா

*

ஏப்ரல் 21

அன்புள்ள வாத்துக்கு,

நீ எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்துப் பதில். தாமதத்துக்குக் காரணம் கோபமில்லை, கைதான்.

திரும்பி வந்துவிட்டது. ராத்திரி பட்டை கட்டாமல் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. நீ சொன்ன பயிற்சியையும் விடவில்லை. ஆனால் பகலில் கொஞ்சம் எழுதிக் கொஞ்சம் நிறுத்துவதற்கு இது என்ன என் சொந்தக் கடையா? வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஆட்கள் காத்திருக்கிறார்கள். இப்போது பகலிலும் வலிக்கிறது, முழங்கை வரை ஏறுகிறது. நேற்று பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்து, கண்ணில் சர்க்கரைத் தூள் பட்டுவிட்டது என்றேன்.

டாக்டர் மறுபடி அதையேதான் சொல்கிறார். ஆபரேஷன் செய்தால் ஆறு வாரம் பிழிகிற வேலை கூடாதாம். ஆறு வாரம் கழித்து அந்த மேசையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உனக்கும் தெரியும். முதலாளி நேற்றுக்கூட, "முடியலன்னா சொல்லும்மா, பெட்டி மடிக்கற பக்கம் மாத்திடறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

டாக்டர் சொன்னபடி செய்துவிடலாமா என்று மாமா கேட்கிறார். நீ சொல். நீ சொல்லுகிறபடி செய்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 29

என் அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஆனால் இன்னும் கத்தி வரைக்கும் வந்துவிடவில்லை. இன்னொரு படி இருக்கிறது. மணிக்கட்டில் ஒரு ஊசி போடுவார்கள். வீக்கத்தை வற்ற வைக்கிற மருந்து, நரம்புக்கு இடம் கிடைக்கும். உன் டாக்டரிடம் கேள், போடுவார். போட்ட இரண்டு மூன்று நாள் வலி கொஞ்சம் கூடினாலும் பயப்படாதே, அப்புறம் இறங்கிவிடும். பட்டையையும் பயிற்சியையும் விடாதே.

ஆபரேஷன் அப்படியொன்றும் பெரிய விஷயமில்லை என்று எனக்குத் தெரியும். தினமும் செய்துகொண்டு வருகிறவர்களைத்தான் பார்க்கிறேன். ஆனால் நீ அந்தப் பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே போவதை நினைத்தால் எனக்கு அம்மாதான் தெரிகிறாள். ஊசிதானே, கத்தி இல்லையே. முதலில் இதைப் பார்ப்போம். அவசரப்படாதே.

வலி எப்படி இருக்கிறது என்று உடனே எழுது.

வாத்து

*

ஜூன் 10

என் தங்கமே, என் டாக்டரே, என் வாத்தே!

வலி போயே போய்விட்டது. பாதியில்லை, முக்காலில்லை, முழுசாக! ஊசி போட்டு இரண்டு வாரத்தில் இறங்க ஆரம்பித்தது. இப்போது ராத்திரி வலியில்லை, பகல் வலியில்லை, எறும்புகூட ஊரவில்லை. இருக்கிற இடமே தெரியாமல் கை சாதுவாக இருக்கிறது. மாமா உனக்கு ஒரு கேக் அனுப்பச் சொன்னார். போய்ச் சேர்வதற்குள் அது வேறு ஏதாவதாக மாறிவிடும் என்று தடுத்துவிட்டேன்.

இனி என்னைப் பெட்டி மடிக்க அனுப்ப முடியாது. மைத்துனியின் ஸ்டூலில் மாவு மூட்டையை வைத்துவிட்டேன், அவளாகவே வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

நரம்பு நன்றாகப் பலமாகிவிட்டது போலிருக்கிறது. போன வாரம் அடுப்பிலிருந்து வந்த தட்டைத் துணி இல்லாமல் பிடித்துவிட்டேன். முன்பானால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்குக் கொப்புளம் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். பையைப் பிடிப்பதில்தான் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம், பிடித்திருக்கிறேனா இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டைப் பொத்தானை மாமாதான் போட்டுவிடுகிறார். புது மாப்பிள்ளை மாதிரி சிரிப்பு வேறு. பழக்கம் விட்டுப்போனதால்தான், போகப் போகச் சரியாகிவிடும்.

மொத்தத்தில் தேவலை. இந்தத் தடவை நிஜமான தேவலை. கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

*

ஜூன் 18

அக்கா,

உன் கடிதத்தை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பார்த்தாயா, நான் சொன்னேன் இல்லையா? கத்தியே வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மா படத்துக்கு முன்னால் நின்று ஒரு மூச்சு அழுதேன், சந்தோஷத்தில்.

அடுப்புத் தட்டைப் பிடிக்கும்போது துணியை எடுத்துக்கொள், கழுதை. பொத்தானுக்கு மாமா இருக்கிறார். பட்டையை மட்டும் இன்னும் சில மாதம் விடாமல் கட்டு. வருஷக் கடைசியில் லீவு கிடைக்கும், வருகிறேன். எனக்கு ஒரு கேக்கில் "வாத்து" என்று எழுதி வை.

வலி திரும்ப வந்தால் உடனே எழுது. வராது.

வாத்து

*

ஆகஸ்ட் 23

அன்புள்ள வாத்துக்கு,

வலி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடிதத்தை மேலும் கீழும் தேடுவாய்.

ஒரு வேடிக்கை கேள். இந்த உடம்பு எத்தனை பட்டினி போட்டாலும் இளைக்க மாட்டேன் என்கிறது, உனக்குத் தெரியும். இப்போது ஒரே ஒரு இடத்தில் இளைத்திருக்கிறேன். வலது கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்கையில் மேடாகச் சதை இருக்குமே, அது வற்றிப்போய்க் குழி விழுந்திருக்கிறது. மாமா அதில் ஒரு நிலக்கடலையை வைத்துப் பார்த்தார், உருளாமல் உட்கார்ந்தது. "இடுப்புல இளைக்கச் சொன்னா கையில இளைச்சிருக்கியே" என்கிறார். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

ஒன்றுதான் மனசுக்கு உறுத்தல். நேற்று ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக். பெயர் எழுதி முடித்து நிமிர்ந்து பார்த்தால் இரண்டாவது எழுத்தே இல்லை. பையில் க்ரீம் தீர்ந்துபோனதும் தெரியவில்லை, அழுத்தாமல் விட்டதும் தெரியவில்லை, வெறும் கையை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறேன். பயிற்சியைக் கூட்ட வேண்டுமா? எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 28

அக்கா,

இன்று காலை மாமாவைப் போனில் பிடித்துச் சொல்லிவிட்டேன். அவரிடம் முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் இப்போதே போ. நரம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்கிற பரிசோதனை செய்யச் சொல். ஆபரேஷன் என்று சொன்னால் சரி என்று சொல்லிவிடு. ஆறு வாரத்தையும் யோசிக்காதே, மைத்துனியையும் யோசிக்காதே.

உனக்கு வலி போனது நல்லதற்கு இல்லை அக்கா. அந்த நரம்புதான் வலியையும் சொல்லும், சூட்டையும் சொல்லும், பிடியையும் சொல்லும். அது சொல்லுவதை நிறுத்தியிருக்கிறது. நீ இளைக்கவில்லை. அந்தச் சதையை இயக்குகிற நரம்பு கைவிட்டதால் சதை செத்துக்கொண்டிருக்கிறது.

போ. தயவுசெய்து.

வாத்து

*

செப்டம்பர் 15

தங்கைக்கு,

இதை நான் சொல்லச் சொல்ல மாமா எழுதுகிறார். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பரிசோதனை ஆயிற்று. கையில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். பிறகு குழி விழுந்த இடத்தில் ஊசியைக் குத்தினார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எப்போது குத்துவார்கள் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். குத்தி எடுத்து முடித்துவிட்டார்களாம்.

ஆபரேஷன் செய்வார்கள். இன்னும் கெடாமல் இருப்பதற்காகத்தான். போனது திரும்பும் என்று சொல்ல முடியாதாம். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் டாக்டர். நான் முன்னாடியே வந்தவள்தானே? ஜனவரியில் வந்தேன், ஏப்ரலில் வந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் பிறகு ஏன் கேட்கவில்லை என்று கேட்பார், உன்னைக் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

என்னைப் பெட்டிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பெட்டியின் காதை மடக்கிச் செருக வேண்டும், கட்டைவிரல் வேண்டும் அதற்கு. என் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. மைத்துனி மேசையிலிருந்து எழுந்து வந்து, "குடுங்கக்கா" என்று மடித்துக் கொடுக்கிறாள். அவளைத் திட்டவும் முடியவில்லை.

உன் கடிதங்களையெல்லாம் மறுபடி படித்தேன். வலி எப்படி, வலி எப்படி என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கிறாய். கை எப்படி இருக்கிறது என்று ஒன்றிலும் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, நான் கொப்புளத்தைக்கூடப் பெருமையாக எழுதினேன். உனக்குத் தெரியும். அதுதான் உன் வேலை.

அக்கா

*

செப்டம்பர் 24

என் அக்காவுக்கு,

நீ எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய். கொப்புளம் என்ற இடத்தைப் படித்தபோது ஒரு நிமிஷம் எனக்குத் திக்கென்றது. அதற்கு இரண்டு வரி கீழே தேவலை என்று எழுதியிருந்தாய். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். அந்த வார்த்தைக்கு அர்த்தமே கிடையாது என்று உனக்குச் சொன்னவளே நான்தான். வேறு யாராவது நோயாளி கொப்புளத்தோடு வந்து நின்றிருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். நீயாக இருந்ததால் அனுப்பவில்லை. அம்மா போன வழியில் உன்னையும் அனுப்ப எனக்குத் தைரியமில்லை. உன் கையைவிட என் பயத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆபரேஷன் என்றைக்கு என்று எழுது. லீவு கேட்டிருக்கிறேன். உள்ளே போகும்போது நான் அங்கே இருக்க வேண்டும்.

வாத்து

*

அக்டோபர் 12

அக்கா,

பதில் இல்லை. போன் செய்தால் மாமா எடுத்து, "தூங்கறாம்மா" என்கிறார். பட்டப்பகலில் தூங்குகிறவளா நீ? பின்னால் உன் இருமல் கேட்கிறது. அடுத்த வாரம் ஆபரேஷன் என்று அவர்தான் சொன்னார். பெட்டியைக் கட்டி வைத்திருக்கிறேன். வரட்டுமா என்று கேட்டால், "அவளையே கேளும்மா" என்கிறார். உன்னிடம்தான் கேட்கிறேன். வரட்டுமா?

என்னைத் திட்டி எழுது. ஜென்மத்துக்கும் முகத்தில் முழிக்காதே என்று வேண்டுமானாலும் எழுது. கை மோசம், உன்னால்தான் மோசம் என்று எழுது. அழுதாயா, தூங்கினாயா, பயமாக இருக்கிறதா, எதையாவது எழுது. எதை எழுதினாலும் தாங்கிக்கொள்வேன்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் எனக்கு எழுதிவிடாதே.

உன்,
வாத்து

*

அக்டோபர் 30

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அங்கே அனைவரின் நலம் அறிய ஆவல்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாமா கூட இருந்தார். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீ கேட்டிருந்தாய். இப்போது தேவலை.

சிரமப்பட்டு வர வேண்டாம். உன் வீட்டுக்காரருக்கும் குழந்தைக்கும் என் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
அக்கா